ஒரு கார்டு, இரண்டு நோயாளிகள்

மில்லில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "முனிரத்தினம், ஒடம்பு நல்லாயிடுச்சா?" நல்லாகிவிட்டது என்கிறேன். என் இடது தோள் ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே கேட்கிறவர்களுக்கும் அதே பதில்தான். பிறகு அவர்கள் விஷயத்துக்கு வருவார்கள். எந்த டாக்டர், என்ன மருந்து, இன்ஷூரன்ஸ் கார்டில் எல்லாம் கிடைக்கிறதா, படுக்கை கிடைக்கிறதா? அவரவர் வீட்டில் அவரவருக்கு ஒரு இருமல் இருக்கிறது. நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வாயால் சொல்லும்போது ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறேன். எழுதினால் அப்படி விழுங்க முடியாது என்றுதான் எழுதுகிறேன். எழுத நேரமும் இருக்கிறது. திருப்பதியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் இதுதான். எனக்குக் காச நோய் வந்தது. என்னிடமிருந்து என் பெண்சாதி சம்பூர்ணத்துக்கு வந்தது. இன்ஷூரன்ஸ் கார்டு எனக்கு மட்டும்தான் இருந்தது. நான் உயிரோடு இருக்கிறேன்.

சித்தூருக்கு வெளியே இருக்கிற நூல் மில்லில் எனக்கு வேலை, கார்டிங் பகுதியில். பஞ்சைச் சீவி வடம் போல இழுக்கிற இயந்திரங்கள் அங்கே வரிசையாக ஓடும். காற்று முழுக்கப் பஞ்சு பறக்கும். மூக்கில், புருவத்தில், காதில் எல்லாம் பஞ்சு. வேலை முடிந்து வெளியே வந்தால் எல்லாரும் கிழவர்களாகத் தெரிவோம். எல்லாரும் இருமுவோம். இருமாதவனைப் பார்த்தால் சூப்பர்வைசருக்கே சந்தேகம் வரும், இவன் வேலை செய்கிறானா என்று. அதனால் என் இருமலை நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

ஆந்திர ராஜ்ஜியம் தனியாகப் பிரிந்து, எங்கள் தாலுக்கா இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஊரே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போதுதான் இன்ஷூரன்ஸ் திட்டம் எங்கள் மில்லுக்கு வந்தது. ஒரு ஆபீசர் வந்து கேன்டீன் பெஞ்சின்மேல் ஏறி நின்று தெலுங்கில் பேசினார். மில் ரைட்டர் அதைத் தமிழில் சொன்னார். வாரா வாரம் சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், முதலாளியும் கொஞ்சம் போடுவார், கார்டில் ஸ்டாம்பு ஒட்டுவார்கள். நோய் வந்தால் டாக்டர், மருந்து, படுக்கை எல்லாம் இலவசம், படுத்திருக்கும் நாளுக்குப் பாதிச் சம்பளம் வேறு. பின்னாலிருந்து யாரோ கேட்டான்: "பொண்டாட்டி புள்ளைக்கு?" ஆபீசர் சிரித்துக்கொண்டே "தருவாத்த, தருவாத்த" என்றார். "அது அப்பறம் வரும்" என்றார் ரைட்டர். நாங்கள் தலையை ஆட்டினோம். அப்புறம் என்பது எவ்வளவு தூரம் என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

வீட்டில் கார்டைக் காட்டினேன். சம்பூர்ணம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நோவு வர்றதுக்கு முன்னாடியே துட்டு கட்றதா? கருமாதிக்கு அட்வான்சு குடுத்த மாரி கீதே மாமா" என்றாள்.

அவள் வாயே அப்படித்தான். என் அத்தை மகள். திருத்தணிப் பக்கத்துக் கிராமம். சின்ன வயதிலிருந்தே என்னைக் கிண்டல் செய்து பழகினவள். கல்யாணம் ஆனபின் அதை விடவேண்டிய அவசியம் அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் காலை ஷிப்டில் இருமித் துப்பினேன். கீழே கிடந்த வெள்ளைப் பஞ்சில் சிவப்பாக விழுந்தது. பக்கத்தில் நின்றவன் பார்த்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றான். ஷிப்டு முடிந்ததும் கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இன்ஷூரன்ஸ் டிஸ்பென்சரி சித்தூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. முன்னறையில் கிளார்க், உள்ளே டாக்டர், நடுவில் பெஞ்சு. கார்டைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் பெயர் கூப்பிட அரை நாள் ஆகும். டாக்டர் நெல்லூர்ப் பக்கத்துக்காரர், இளம் வயது. எங்கள் தமிழை அவரும் அவர் தெலுங்கை நாங்களும் ஒருமாதிரி சமாளித்துக்கொண்டோம். மூன்று நாள் காலையில் எழுந்ததும் வருகிற சளியை டப்பியில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். அதைக் கண்ணாடியில் தடவி, சாயம் போட்டு, பெரிதாக்கிப் பார்த்தால் கிருமி தெரியுமாம். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எனக்கும் காட்டினார். இடது பக்கம் மேலே வெள்ளையாகப் புகை மாதிரி இருந்தது. புகைக்கு நடுவில் ஒரு வட்டம்.

"இது ஓட்டை. கிருமி துன்னுட்ட எடம்" என்றார். "பயப்படாதே. இப்போ மந்துலு, மருந்து இருக்கு. நீ இன்ஷூரன்ஸ் ஆளு. பெட்டு நான் வாங்கித் தரேன்."

பத்து நாளில் திருப்பதியில் படுக்கை கிடைத்தது. கார்டுக்காரர்களுக்கென்று அந்த டி.பி. வார்டில் சில படுக்கைகள் ஒதுக்கியிருந்தார்கள். கார்டு இல்லாத ஜனம் வராந்தாவில் பாய் விரித்துக் காத்துக் கிடந்தது. நான் அவர்களைத் தாண்டி உள்ளே போனேன். அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

மூன்று மாதம் அங்கே. தினம் ஒரு ஊசி. அந்த ஊசியால் காதுக்குள் வண்டு ரீங்கரிக்கும், நடந்தால் தலை சுற்றும். அப்புறம் பாஸ் என்று ஒரு மாத்திரை. ஒன்றிரண்டு இல்லை, கை நிறைய. விழுங்கினால் வயிறு புளித்துக் குமட்டும். மூன்றாவதாக ஐ.என்.எச். என்று சின்ன வெள்ளை மாத்திரை. மூன்றையும் ஏன் சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்று வார்டு டாக்டரைக் கேட்டேன். அவர் நரைத்த தலைக்காரர், பொறுமைசாலி. ஒரே மருந்தாகக் கொடுத்தால் சில கிருமிகள் தப்பிப் பிழைத்து அதற்குப் பழகிவிடும், மூன்று பக்கமும் அடைத்தால்தான் சாகும் என்றார். நன்றாகக் கேட்டுக்கொண்டேன். எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டேன் என்பது பின்னால் தெரியும்.

சம்பூர்ணம் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு சித்தூரிலிருந்து பஸ் பிடித்து வருவாள். மகள் வசந்தாவுக்கு அப்போது ஆறு வயது. அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவாள். வழியில் புத்தலப்பட்டில் பஸ் பஞ்சரானால் வந்து சேர மத்தியானம் தாண்டிவிடும். கேரியரில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் இருக்கும். நான் சாப்பிட்டதும் அதே தட்டில் மிச்சத்தைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். புருஷன் சாப்பிட்ட தட்டு பெண்சாதிக்கு. அது மரியாதையா, பழக்கமா, பாத்திரம் தேய்க்கிற சோம்பலா என்று யாரும் ஆராய்ந்ததில்லை. ஒரு நாள் சிஸ்டர் பார்த்துவிட்டுக் கத்தினார். சம்பூர்ணம் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் போகிற வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனதும் மறுபடி எடுத்தாள்.

"உன் எச்சிலத் துன்னா எனுக்கு இன்னா ஆவும்? கல்யாணமாயி எட்டு வருசமா துன்றேன்."

நோய் பரவுவது தட்டால் இல்லை, இருமலால்தான் என்று பின்னால் டாக்டர் சொன்னார். வீட்டில் ஒரே அறையில் மூன்று பேரும் படுத்திருந்த அத்தனை மாதங்களில் வரவேண்டியது வந்தாகிவிட்டது. தட்டின் மேல் பழி போட்டது அநியாயம்.

சளியில் கிருமி இல்லை என்று ஆனதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசி வேண்டாம், இரண்டு மாத்திரைகளையும் இன்னும் ஒன்றரை வருஷம் ஒரு நாள் விடாமல் சாப்பிட வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் டிஸ்பென்சரியில் கார்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்த முதல் வாரமே சம்பூர்ணத்தின் இருமல் என் காதில் விழுந்தது. வெளியே போய், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு இருமினாள். மூன்று மாதம் டி.பி. வார்டில் இருந்தவனுக்கு அந்த இருமலை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த தரம் மருந்து வாங்கப் போனபோது அவளையும் கூட்டிப்போனேன். கிளார்க் கார்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இதுல உன் பேரு மட்டும்தானே கீது?"

"என் சம்சாரம் சார். எங்கிட்டேருந்துதான் அதுக்கு வந்துக்கீது."

"யார்கிட்டேருந்து வந்தா இன்னா? ரூல்ஸ்ல வர்க்கர் மட்டும்தான். ஃபேமிலி இன்னும் வரல."

கிளார்க் கெட்டவர் இல்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னார். டாக்டர் கணக்கில் எழுதாமல் அவளைப் பரிசோதித்து, எக்ஸ்ரேவும் யாரையோ பிடித்து எடுக்க வைத்தார். படத்தைப் பார்த்துவிட்டு, ஆரம்பம்தான், ஓட்டை விழவில்லை, மூன்று மருந்தும் முழுசாகக் கொடுத்தால் ஒரு வருஷத்தில் தேறிவிடுவாள் என்றார். ஆனால் அவர் அலமாரியில் இருக்கிற மருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு நம்பர் உண்டு. சர்க்கார் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே பெயரை எழுதிக்கொண்டார்கள். ஸ்டாக் வந்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். நாலு தரம் போனோம். நாலாவது தரம் சம்பூர்ணம் பெஞ்சை விட்டு எழுந்து, "வா மாமா, பஸ்ஸுக்குக் குடுக்கற துட்டுல முட்டையாச்சும் வாங்கித் துன்னலாம்" என்றாள். கடைத் தெருவில் வாங்கலாம் என்றால் அந்த மருந்தின் விலைக்கு என் சம்பளம் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அன்று மத்தியானம் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். அவள் சொல்லவில்லை. இதை எங்கும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

"எனுக்குக் கிருமி போயிடுச்சின்னு சொல்லிட்டாங்க இல்ல? மீதி மாத்திரை சும்மா காவலுக்குத்தான். ஆளுக்குப் பாதி துன்னலாம்."

"உனுக்கு கொறஞ்சி பூடாதா?"

"எனுக்கு செரியாயிடுச்சி மே. உனுக்கும் செரியாயிடும்."

அவள் என் மாத்திரைகளைக் கையில் கொட்டிப் பார்த்தாள். பிறகு பாக்குவெட்டியை எடுத்து வந்தாள். சின்ன வெள்ளை மாத்திரையைப் பாக்குவெட்டியில் வைத்து அழுத்தினால் சரி பாதியாக உடையும், தூள்கூடச் சிந்தாது. பாஸ் மாத்திரைகளைக் கூழாங்கல் ஆட்டம் போல எண்ணி இரண்டு பங்காகப் பிரிப்பாள். சோற்றைப் பங்கு போடுவதற்கும் இதற்கும் எங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஒரே தட்டில் தின்று பழகினவர்களுக்கு மருந்து மட்டும் எப்படித் தனியாகும்? சர்க்கார் ஒரு ஆளுக்குக் கொடுத்ததை இரண்டு ஆளுக்கு ஆக்கிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கெட்டிக்காரத்தனம். ஆபீசரின் "தருவாத்த"வை ஜெயித்துவிட்டதாக நினைப்பு.

கொடுமை என்னவென்றால், அது வேலை செய்தது. இரண்டு மாதத்தில் அவள் இருமல் அடங்கியது. கன்னத்தில் சதை பிடித்தது. பசிக்கிறது என்றாள். நான் மில்லுக்குப் போக ஆரம்பித்தேன். அந்த ஆறேழு மாதம்தான் எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று தோன்றுகிறது. ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பே ஒரு சுகமாக இருந்தது.

பிறகு எனக்குச் சாயங்காலக் காய்ச்சல் திரும்ப வந்தது. அவளுக்கு என்னை விட ஒரு வாரம் முன்னாலேயே வந்திருந்தது, சொல்லவில்லை.

அந்தச் சமயம்தான் எல்லைத் தகராறு தீர்ந்தது. திருத்தணி மெட்ராஸ் ராஜ்ஜியத்துக்குப் போனது. சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. சம்பூர்ணத்தின் அண்ணன் ஏழுமலை பூமாலையும் லட்டுமாக வந்து இறங்கினான். எங்கள் வீட்டில் நுழைந்து அவளைப் பார்த்ததும் லட்டுப் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

"இன்னா மாப்ள இது, இப்டி எளச்சிக்கினு கீறா?"

சொன்னேன். பாதி மாத்திரை விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. மருந்து கிடைக்கிறது, கேட்கவில்லை என்று சொன்னேன்.

"எங்கூர் இப்போ மெட்ராஸ் மாப்ள. அந்தப் பக்கம் வேலக்காரன் குடும்பத்துக்கும் கார்டு குடுக்கறாங்களாம். பேசிக்கிறாங்க. அவள என்கூட அனுப்பு."

பேசிக்கிறாங்க என்பதை நம்பி அனுப்பினேன். வசந்தாவும் அம்மாவோடு போனாள். ஏழுமலை தங்கையை மெட்ராஸுக்கே அழைத்துப்போய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் காத்திருந்தான். மூன்றாம் நாள் ஒருவர் விசாரித்தார். குடும்பத்துக்கு இங்கேயும் இன்னும் அமலாகவில்லை, அமலானாலும் புருஷன் வேலை செய்கிற மில் எந்த ராஜ்ஜியத்தில் இருக்கிறதோ அங்கேதான் கேட்க வேண்டும் என்றார். அவள் பிறந்த ஊர் மெட்ராஸ், மில் ஆந்திரா. நடுவில் கோடு போட்டவர்கள் எங்கள் வீட்டுக்குள்ளேயே போட்டுவிட்டார்கள். தாலுக்கா ஆபீசில் பூமாலை போட்டுக்கொண்டிருந்த நாளில் என் பெண்சாதி ஆஸ்பத்திரி மரத்தடியில் இருமிக்கொண்டிருந்தாள்.

நான் மறுபடி திருப்பதி வார்டில் சேர்ந்தேன். அதே நரைத்த தலை டாக்டர்.

"மாத்திரை ஒழுங்கா சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் சார்."

"ஒரு நாள் விடாம?"

"ஒரு நாள் விடல சார்." அது உண்மைதான். அதனால் சொல்லும்போது குரல் பிசகவில்லை.

சளியை வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று சோதிப்பார்களாம். பதில் வர இரண்டு மாதம் ஆனது. டாக்டர் காகிதத்தோடு என் படுக்கைக்கு வந்து உட்கார்ந்தார். இரண்டு மாத்திரைக்குமே கிருமி கட்டுப்படவில்லை என்றார். ஒழுங்காகச் சாப்பிட்டவனுக்கு இப்படி ஆகக் கூடாதே, உனக்கு எங்கே தப்பு நடந்தது என்றே புரியவில்லை என்றார். அவர் தன் மருந்தின் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். பாக்குவெட்டி வரைக்கும் சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முழு மருந்து கிருமியக் கொல்லும்பா. பாதி மருந்து கொல்லாது. பாதி மருந்துல எளச்சது செத்துப்போவும், கெட்டியானது தங்கிப்போவும். மொதல்ல எளச்சதெல்லாம் சாவறதால ஒடம்பு தேறின மாதிரி இருக்கும். அப்பறம் மிஞ்சின கெட்டியான கிருமிதான் பெருகும். ரெண்டு பேரும் சேந்து அத வளத்துட்டீங்க."

"அவளுக்கு இன்னா சார் ஆவும்?"

"நீ அவளுக்கு ஒண்ணும் குடுக்காம இருந்திருந்தா, ஸ்டாக் வந்தப்ப முழு மருந்து வேலை செஞ்சிருக்கும்" என்றார். சொன்னபிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். என் கால்மாட்டில் போர்வையை இழுத்துச் சரி செய்துவிட்டுப் போனார்.

சித்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஸ்டாக் வந்திருந்தது. சம்பூர்ணம் பெயரைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு முழு மாத்திரை கொடுத்தார்கள். ஏழுமலை சித்தூருக்கும் ஊருக்குமாக அலைந்து வாங்கிக் கொடுத்தான். அவள் ஒரு நாள் விடாமல் விழுங்கினாள். ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு இன்னொரு வழி இருந்தது. ஊசி மருந்துக்கு மட்டும் என் கிருமி இன்னும் கொஞ்சம் கட்டுப்பட்டது. அதன் காவலில் ஆப்பரேஷன் செய்யலாம். இடது பக்கம் மேல் விலா எலும்புகளை எடுத்துவிட்டால் மார்பு உள்ளே அமுங்கும், நுரையீரலில் இருக்கிற ஓட்டை மூடிக்கொள்ளும். கார்டில் அதற்கும் இடம் உண்டு. இதையாவது அவளுக்குச் செய்யுங்கள், என் பங்கை அவளுக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். ஏழுமலை கொண்டு வந்த அவள் எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டு டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டினார். அவளுக்கு இரண்டு பக்கமும் பரவிவிட்டது, ஒரு பக்கத்தை அமுக்கினால் மூச்சு விட இடம் இருக்காது என்றார். அப்படியே முடிந்தாலும் கார்டில் அவள் பெயர் இல்லை. ஆப்பரேஷனைப் பாக்குவெட்டியில் வைத்துப் பாதியாக்க முடியாது.

இரண்டு தடவையாகச் செய்தார்கள். முழு மயக்கம் கிடையாது, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். வலி தெரியாது, ஆனால் எலும்பை வெட்டுகிற சத்தம் கேட்கும். கரும்பை ஒடிக்கிற சத்தம். சிஸ்டர் என் தலைமாட்டில் நின்று, வேறு எதையாவது நினைத்துக்கொள் என்றார். நினைத்துக்கொள்ள எனக்கு வேறு எது இருந்தது? முடிந்ததும் மார்பின் மேல் மணல் மூட்டையை வைத்து நாட்கணக்கில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். ஜன்னலில் மலை தெரிந்தது. ரோட்டில் போகிறவர்களின் கோவிந்தா சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதல் தடவை முடிந்தபின் ஏழுமலை வந்து கட்டைப் பார்த்துவிட்டு, "புத்தூர்ல ஒடஞ்ச எலும்பயே ஒட்ட வெக்கிறான். இங்க நல்லா கீற எலும்ப எடுத்துப் போட்றாங்களே மாப்ள" என்றான். சிரித்தால் உயிர் போகும் வலி. சிரித்தேன்.

இரண்டாவது தடவை முடிந்தபின் இருபது நாள் அவன் வரவில்லை. வந்தபோது தலையை மொட்டை அடித்திருந்தான். மலைக்குப் போய்விட்டு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் உட்காரவில்லை, அதில் புரிந்துகொண்டேன்.

"எப்போ?" என்று கேட்டேன்.

"போன மாசம் கடசி செவ்வாக்கெழம. உனுக்கு சொல்லக்கூடாதுன்னு டாக்டரு கண்டிசனா சொல்லிட்டாரு. அழுதா தையல் பிரிஞ்சிடுமாம்."

நான் மணல் மூட்டைக்கு அடியில் கிடந்தேன். அழக்கூட மார்பு அசைய வேண்டும். அந்த மார்பை அசையாமல் வைத்திருக்கத்தான் சர்க்கார் இவ்வளவு செலவு செய்திருந்தது.

"ஒண்ணு மட்டும் எனுக்குப் புரியல மாப்ள" என்றான் ஏழுமலை. "ஆரம்பத்துலேருந்தே மருந்து துன்னுக்கினுதானே இருந்தா? என் வீட்டுக்காரு எப்டியோ எனுக்கும் சேத்து வாங்கியாந்துடுவாருன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கினு இருந்தா. அப்பறம் ஏன் கேக்கல?"

தெரியவில்லை என்றேன். ஏழுமலைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை யாராவது அவனுக்குப் படித்துக் காட்டினால், அவன் என்னை என்ன செய்தாலும் சரி.

நான் வீடு திரும்பி, வசந்தாவை ஏழுமலை வீட்டிலிருந்து கூட்டிவந்து ஒரு வருஷம் ஆனபிறகு மில் நோட்டீஸ் போர்டில் உத்தரவு ஒட்டினார்கள். இனிமேல் தொழிலாளியின் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. ஆபீசர் வந்தார். வேறு ஆபீசர், அதே பெஞ்சு. சொல்லி முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நல்ல சட்டம்தான். வராமலே போயிருந்தால் நான் மட்டும் இல்லை, இன்னும் பல பேர் வீட்டில் பாக்குவெட்டியை எடுத்திருப்பார்கள். ஆனால் கைதட்டும்போது என் இடது கை முழுசாக மேலே வரவில்லை. அதைப் பார்த்து மற்றவர்கள் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

பாரத்தில் குடும்பத்தார் பெயர்களை எழுதச் சொன்னார்கள். மனைவி என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். ரைட்டர் தலையை நிமிர்த்தாமல், "கோடு போடக்கூடாது, இல்லைன்னு எழுதணும்" என்றார். எழுதினேன். பிள்ளைகள் என்ற இடத்தில் வசந்தா, பெண், எட்டு வயது.

வசந்தாவின் பெயர் கார்டில் ஏறின இரண்டு மாதத்தில் அவள் கழுத்தில் நெறி கட்டியது. சாயங்காலம் உடம்பு சுட்டது. இந்தத் தடவை பெஞ்சில் காத்திருக்கும்போது கிளார்க் தானாகவே எழுந்து வந்து கார்டை வாங்கிக்கொண்டு போனார். எக்ஸ்ரே, ரத்தம், எல்லாம் ஒரே வாரத்தில். திருப்பதியில் படுக்கையும் உடனே. வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தவர்களைத் தாண்டி மறுபடியும் உள்ளே போனேன். இப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குழந்தைகளுக்குச் சளி துப்பத் தெரியாது. அதனால் விடியற்காலையில் மூக்கு வழியாகச் சின்னக் குழாயை விட்டு, விழுங்கின சளியை வயிற்றிலிருந்து எடுக்கிறார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள், கத்த மாட்டாள். அதை முட்டை கலந்த கூழில் விட்டு வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்கிறார்கள். இன்னும் முடிவு வரவில்லை. அதுவரைக்கும் எனக்கு ஆரம்பத்தில் கொடுத்த அதே மூன்று மருந்தைக் கொடுக்கிறார்கள், முழு அளவில். அதற்காகத்தான் இந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன்.

நரைத்த தலை டாக்டர் முதல் நாளே என்னிடம் கேட்டார். "பாப்பா அப்போ யார்கூட படுத்துக்கிச்சி? அம்மா கூடவா?"

"கடைசி வரைக்கும் சார்."

அவர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் நெஞ்சில் இருப்பது ஊரில் சாதாரணமாகத் திரிகிற கிருமியாக இருந்தால் இந்த மருந்துக்குச் சாகும். நானும் அவள் அம்மாவும் ஆறேழு மாதம் பாதி மருந்து போட்டு வளர்த்ததாக இருந்தால் சாகாது. சட்டம் வந்துவிட்டது, கார்டில் பெயர் ஏறிவிட்டது, படுக்கை கிடைத்துவிட்டது. இனிமேல் கேட்கவில்லை என்றால் ஆபீசரையோ கிளார்க்கையோ எல்லைக் கோடு போட்டவர்களையோ நான் திட்ட முடியாது.

இப்போதுதான் வெளியே வந்தாள். ஆஸ்பத்திரிக் கவுன் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. என் பக்கத்தில் பெஞ்சில் ஏறி உட்கார்ந்து, வாயை ஆவென்று திறந்து காட்டினாள்.

"பாரு நைனா, எல்லாத்தையும் முழுசா முழுங்கிட்டேன். சிஸ்டரு எண்ணிக் குடுத்தாங்க."

"சமத்து" என்றேன்.

"இத்த துன்னா எனுக்கு செரியாயிடுமா?"

"செரியாயிடும்மா" என்றேன். அவள் அம்மாவிடமும் இதே குரலில்தான் சொன்னேன்.